பைனலுக்கு முதல் உன் கைக்குச் சேர வேண்டும்

திராய்மடு,
மட்டக்களப்பு.
15.12.2022, வெள்ளாப்பு 4 மணி

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு மாமாங்கேஸ்வரரை வேண்டிக்கொள்கிறோம்.

உலகக் கிண்ண செமி பைனல், பிரான்ஸ் – மொரோக்கோ மெட்ச், இரண்டரை மணிபோல் முடிந்தது. இனி எனக்கு நித்திரை வராது. அடுத்த வளவுத் தம்பி நாளை இரவு ப்ளைட்டில் டோஹா திரும்புகிறான். இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். தபாலில் போட்டால் உன் கேம்புக்கு எப்போது வந்து சேரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இது பைனலுக்கு முதல் உன் கைக்குச் சேர வேண்டும்.

மொரோக்கோ தோற்றது எனக்குப் பெரிய கவலை, மனே. ஐந்தாவது நிமிடத்திலேயே கோல் வாங்கிவிட்டும் கடைசி வரைக்கும் ஓடினார்கள். ஆபிரிக்காவிலிருந்து செமி பைனலுக்கு வந்த முதல் அணி. இந்த மெட்ச் வரைக்கும் அவர்கள் வாங்கியது ஒரேயொரு கோல், அதுவும் கனடாவோடு தங்கட காலில் பட்டுத் தங்கட வலைக்குள் போனது. என்னோடு வேலை செய்த காத்தான்குடி நானா உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னை சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு திரிவாரே, அவர்தான். ஸ்பெயினோடு விளையாட முதலே “செமிக்கு வராட்டி என்ட மீசைய எடுக்கிறன்” என்று சொன்னவர். ஸ்பெயின் அடித்த மூன்று பெனால்டியும் உள்ளே போகவில்லை. ஒன்று கம்பத்தில் பட்டது, இரண்டை மொரோக்கோ கோலி போனோ பிடித்தான். ஹக்கிமி வந்து பூப்போல ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். போர்த்துக்கல்லை வென்ற அடுத்த நாள் ஒரு பெட்டி இனிப்போடு நம்மட வாசலில் நானா. அதே நேரம் டச்பார் தச்சுப் பாஸ் இரண்டு நாளாக வேலைக்கே வரவில்லை. வீட்டில் இன்னும் போர்த்துக்கேயம் கதைக்கிற மனிசன். ரொனால்டோ அழுதுகொண்டு உள்ளே போனதைப் பார்த்துவிட்டு டீவியை நிறுத்தினவராம், இன்னும் போடவில்லையாம். நம்மட அலுமாரிக் கதவு பாதியில் நிற்கிறது.

யார் வெல்வார்கள் என்று கணிப்பு எழுதக் கொப்பி போட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்தானே. மூன்று நிரல்: எனக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. நீ வொய்ஸில் சொன்னதையெல்லாம் அன்றன்றைக்கே எழுதிவிடுவேன். முதல் சுற்றில் ஆர்ஜென்டினா சவூதியிடம் தோற்றதை நம் மூவரில் ஒருவரும் சொல்லவில்லை. நொக்கவுட் தொடங்கியதிலிருந்து நான்தான் முன்னுக்கு நிற்கிறேன். குரோஷியா பெனால்டிக்கு இழுத்துக்கொண்டு போகும் என்று உனக்கு எத்தனை தரம் சொன்னேன்? 2018இல் டென்மார்க்கையும் ரஷ்யாவையும் அப்படித்தான் வென்றது, இந்த முறை ஜப்பானையும் அப்படித்தான். அவர்களுடைய கோலி லிவாகோவிச் அன்றைக்கு மூன்று பிடித்தான். நீ சிரித்தாய். “பிரேசில் 2 – 0, அப்பா. உங்களுக்கு வயசு போயிட்டு” என்றாய். அதுதான் கொப்பியில் உன்னுடைய கடைசிக் கணிப்பு. அதற்குப் பிறகு உன் நிரலில் வெறும் கோடு.

பிரேசில் தோற்றதுதான் கோபம் என்று முதலில் நினைத்தேன். இங்கேயும் பொடியன்கள் அப்படித்தான் கிடந்தார்கள். கிளப்பில் பிரேசில் கொடி கட்டினவன் இரண்டு நாள் அதைக் கழட்டவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. மொட்டை அடிப்பேன் என்று பந்தயம் பிடித்த மூன்று பேர் சொன்னபடியே மொட்டையோடு திரிகிறார்கள். எனக்கும் மனம் சரியில்லைதான். நெய்மார் அடித்த அந்தக் கோல் பெலேயின் 77ஐச் சமப்படுத்திய கோல், பெலே ஆஸ்பத்திரியில் கிடக்கிற நேரம். அதற்குப் பிறகு 117ஆவது நிமிடத்தில் குரோஷியா அடித்தது. முழு மெட்ச்சிலும் கோலுக்கு நேரே அவர்கள் அடித்த ஒரே அடி அது! பெனால்டியில் நெய்மாரை ஐந்தாவதாக வைத்திருந்தார்கள். நாலாவதோடு எல்லாம் முடிந்துவிட்டது. அவன் நடுவில் நின்றபடியே நின்றான். அடிக்கக் கிடைக்காமலே போனவனின் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு மெட்ச்சுக்காக ஆறு நாள் பேசாமல் இருக்கிற பிள்ளை இல்லை நீ. 2014இல் ஜேர்மனி ஏழு அடித்த அடுத்த நாளும் எடுத்தாய். இப்போது நான் அனுப்புகிறதெல்லாம் நீலமாகிறது, பதில் இல்லை. கொம்மா கேட்டால் “வேலை கூட, நித்திரை கொள்ளுறான்” என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்குச் சொல்வேன்? மருமகளுக்கு மட்டும் ஒரு வரி போட்டிருக்கிறாய், சுகம் என்று. அவள் ஆரையம்பதியிலிருந்து என்னிடம் கேட்கிறாள், நான் யாரிடம் கேட்க?

பாஸ்போர்ட் உன் கையில்தானே இருக்கிறது? அதை யாரிடமும் கொடுத்து வைக்காதே. அது உன் கையில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் மறுகா பார்க்கலாம்.

அடுத்த வளவுத் தம்பி ஒரு கதை சொன்னான். உலகக் கிண்ணம் முடிய ஆட்களைக் குறைக்கப்போகிறார்களாம், சிலபேரை முன்னமே அனுப்பிவிட்டார்களாம். அவன் சொன்னது அவனுடைய இடத்தைப் பற்றி. நான் உன்னுடையதைப் பற்றிக் கேட்கவில்லை. தங்கச்சியின் வீட்டுக்கு ஓடும் போட்டாயிற்று, கலர் அடிப்பதை அவசரப்படுத்த வேண்டாம் என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன். என் பென்சனில் நானும் கொம்மாவும் தாராளமாகச் சாப்பிடுகிறோம். இதையெல்லாம் உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

லுசைல் மைதானத்தைக் காட்டும்போதெல்லாம் கொம்மா டீவிக்குக் கிட்டப் போய் நிற்கிறாள். கதிரை பூட்டினது எந்தப் பக்கம் என்று நீ ஒருக்காச் சொன்னாயாம், மேல் தட்டு, இடது மூலை. ஆர்ஜென்டினா – நெதர்லாந்து மெட்ச்சில் கடைசி நிமிடத்தில் நெதர்லாந்துக்காரர் அந்த ப்ரீ கிக்கை மெதுவாக உருட்டிக் கொடுத்து, கோல் போட்டு 2 – 2 ஆக்கினார்களே, கிளப் முழுக்க எழும்பிக் கத்துது, இவள் மட்டும் “அந்தா, அந்தக் கதிரை” என்று மேலே காட்டிக்கொண்டிருக்கிறாள். 88 ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற இடம். அதில் என் மகன் முறுக்கின ஆணி இருக்கிறது. கிளப்பில், கடையில், முடி வெட்டுகிற இடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், மனே. சொல்லாத ஆள் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் பச்சைத் தண்ணியில் குளிக்காதே.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

போன கிழமை புயல் குளிர். இப்படி ஒரு குளிர் என் வயதுக்கு நான் கண்டதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ மாடுகள் நின்ற இடத்திலேயே விறைத்துச் செத்தன. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடமும் இல்லை, பேரன் இங்கே நின்றான். பின்னேரம் அவனுக்குக் கம்பளி எடுக்கப் பெரிய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். காணி உறுதிக்குக் கீழே, என் பழைய தபால் பைக்குக் கீழே, உன் கோலிக் கிளவுஸ் இருந்தது. அதை அவன் இழுக்க, கூடவே ஒரு காக்கிக் கவர் வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தான். “அப்பப்பா, இதில அப்பாட பேர் கிடக்கு” என்றான். வாங்கி மடிக்குள் வைத்துக்கொண்டேன். அன்றிரவு மெட்ச் தொடங்க முதல் உன்னோடு அவன் வீடியோவில் கதைத்தான். நான் குசினியில் நின்றேன். அவன் உன்னிடம் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

உனக்கு அவன் சொல்லிவிட்டான் என்றால், இந்த ஆறு நாளும் என்மேல் உள்ள கோபத்தில்தான் இருக்கிறாய் என்றால், எனக்கு அது நிம்மதி. கோபமாகவே இரு. வேறு கரைச்சல் ஒன்றும் இல்லாமல் இருந்தால் சரி.

2007 ஜூன். வெள்ளவத்தை லொட்ஜுகளில் இருந்த நம்மட சனத்தை இரவோடு எழுப்பி பஸ்களில் ஏற்றி ஊர்ப்பக்கம் அனுப்பின மாதம். உனக்குப் பதினேழு வயது. வெபர் மைதானத்தில் கொழும்பிலிருந்து வந்தவர்கள் உங்களை விளையாட வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாஸ்டர் என்னிடம் வந்து, “கடிதம் வரும், பாத்துக்கொள்ளுங்க, இவனை விட மாட்டாங்க” என்று சொன்னார். அன்றைக்கு நான் அங்கே வரவில்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? வந்தேன். டெலிவரிக்கு நடுவில் மதிலோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு, பையைத் தோளில் போட்டபடியே பார்த்தேன். மூன்று பெனால்டி அடித்தார்கள். முதலாவது உள்ளே போனது. இரண்டாவது உன் நெஞ்சில் பட்டது. மூன்றாவதுக்கு அவன் கால் தூக்க முதலே நீ இடது பக்கம் சாய்ந்துவிட்டாய், பந்து உன் விரல் நுனியில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தாய். அந்த முழங்கை உரசலுக்குக் கொம்மா மஞ்சள் போட்டாள்.

கடிதம் வந்தது. காலையில் கட்டை அவிழ்த்துப் பிரிக்கும்போது என் பகுதிக்குள்ளேயே வந்தது, உன் பெயர், நம்மட முகவரி. வந்த திகதிச் சீல் குத்தினேன். மற்றக் கடிதங்களைத் தெருவாரியாக அடுக்கினேன். அதை மட்டும் சட்டைப் பைக்குள் வைத்தேன். உன் தம்பியைச் சுனாமியில் கடலுக்குக் கொடுத்து இரண்டரை வருடம். கொழும்புக்குப் போன பொடியன்கள் திரும்பி வராத காலம். இருக்கிற ஆண்பிள்ளை ஒன்று, அதையும் நான் எப்படி பஸ் ஏற்றிவிட? அன்றிரவு நீ கேட்டாய். “எடுக்கல்லையாம் மனே, மாஸ்டரிட்டச் சொல்லியிருக்காங்க” என்றேன். நீ ஒன்றும் பேசாமல் சாப்பிட்டாய். அடுத்த மாதம் மாஸ்டரும் கனடா போய்விட்டார். கிளவுஸை நீ வேலியில் தொங்கவிட்டு மழையில் நனைய விட்டாய், நான்தான் எடுத்து வைத்தேன்.

34 வருடம் தபால் கொண்டுபோனேன். செல் குண்டு விழுந்த நாளிலும் கொண்டுபோனேன். 2005 தை மாதம், வீடே இல்லாத ஆட்களை முகாம் முகாமாகத் தேடிப்போய்க் கொடுத்தேன். கொடுக்காமல் வைத்தது ஒன்றே ஒன்று, அது என் சொந்தப் பிள்ளையின் கடிதம். பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் உண்மை. 2009க்குப் பிறகு பயம் போய்விட்டது, அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ கட்டாருக்கு ஏறுகிற அன்று கட்டுநாயக்காவில் வைத்தாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது பயம் இல்லை, என் பிழை.

கவரை நான் பிரிக்கவில்லை. மற்றவன் கடிதத்தை நான் ஒருநாளும் பிரித்ததில்லை. உன்னை எடுத்தார்களா, எடுக்கவில்லையா என்று எனக்கும் தெரியாது. உனக்கு நான் சொன்னது பொய்யா உண்மையா என்றே எனக்குத் தெரியாமல் 15 வருடம் போயிருக்கிறது. இந்தக் கடிதத்தோடு அதையும் வைத்திருக்கிறேன். சீல் அழியவில்லை. பிரித்துப் பார்க்கிறதும் பார்க்காமல் விடுகிறதும் உன் விருப்பம்.

2002 பைனலை நினைக்கிறேன். நாவலடியில் மாமா வீட்டில் கறுப்பு வெள்ளை டீவி, நீயும் தம்பியும் நிலத்தில். ரிவால்டோ அடித்த பந்து ஜேர்மனி கோலி கானின் கையிலிருந்து நழுவி, பிரேசில் ரொனால்டோ அடித்துவிட்டான். நீ பிரேசில். வென்றதும் நீதான். ஆனால் முடிந்த பிறகு கம்பத்தில் சாய்ந்துகொண்டு இருந்த கானைப் பார்த்து அழுதாய். “அவ்வளவும் பிடிச்ச ஆள், அப்பா, ஒண்டுதானே விட்டவர்” என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை பைனல், உனக்குப் பின்னேரம் 6 மணி, எங்களுக்கு இரவு 8.30. நான் ஆர்ஜென்டினா என்று எழுதிவிட்டேன், அதுவும் பெனால்டியில். அந்தக் கோலி மார்ட்டினெஸ் நெதர்லாந்தின் முதல் இரண்டையும் பிடித்தவன். மெஸ்ஸி இதுதான் தன் கடைசி உலகக் கிண்ண மெட்ச் என்று சொல்லியிருக்கிறான். பேரன் பிரான்ஸ், எம்பாப்பே இரண்டு அடிப்பானாம். உன் கிளவுஸைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறான், விரல் நுனியில் பாதி வெறுமையாகத் தொங்குகிறது. கழட்டச் சொன்னால் கேட்கிறானில்லை. உன் நிரலைக் காலியாகத்தான் விட்டிருக்கிறேன். எனக்குப் போன் எடுக்க உனக்கு மனமில்லை என்றால் பேரனுக்கு எடுத்துச் சொல், அவன் எழுதுவான். நான் வெளியில் போய் நிற்கிறேன்.

வாற 26க்குத் தம்பிக்கு விளக்கு வைக்க நாவலடிக்குப் போவோம். அன்றைக்குக் கொம்மாவோடு ஒரு நிமிடமாவது கதை.

அடுத்த வளவுத் தம்பியிடம் கொம்மா இடித்த மிளகாய்த்தூளும் கொஞ்சம் கருவாடும் கொடுத்துவிட்டிருக்கிறாள். கருவாட்டை மூன்று பையில் சுற்றியிருக்கிறது, அவிழ்த்தவுடன் வெயிலில் வை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வீட்டில் உன் பாய் விரித்தபடியேதான் கிடக்கிறது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா