ஊர் நடைக் குழு, மதுரை: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது குடியிருப்போர் சங்கத்தில் ஊர் நடைக் குழு தொடங்கி இரண்டு ஆண்டு முடிகிறது. மாதம் ஒரு ஞாயிறு, காலை ஆறு மணி, மதுரையில் ஏதாவது ஓர் இடம் என்பது ஏற்பாடு. பன்னிரண்டில் பத்து நடந்தது. ஏப்ரலில் சித்திரைத் திருவிழாவே நம் எல்லோரையும் நடக்க வைத்துவிட்டதால் தனி நடை வைக்கவில்லை. அக்டோபரில் மழை.

மே மாதம் விளக்குத்தூணில் தொடங்கினோம். 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகுதான் ஊர் வெளியே விரிந்தது. வெளி வீதிகள் வந்தன. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்தான் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும். விளக்குத்தூண் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பியது. அங்கிருந்து பத்துத்தூண் சந்துக்குள் போனோம். துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கும் அந்தக் கல்தூண்கள் திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம். 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று நாம் சீட்டு வாங்கிப் பார்ப்பது கால் பங்கு அளவுதான். முப்பது வருடம் அந்தச் சந்தில் ஜவுளி வாங்கிய உறுப்பினர் ஒருவர், "இத்தனை நாள் நான் அண்ணாந்தே பார்க்கலையே" என்றார். இந்தக் குழு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதையே பதிலாகச் சொல்லி வருகிறேன்.

ஜூலையில் தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனை, அதாவது காந்தி அருங்காட்சியகம். ஆகஸ்டில், பள்ளிப் பிள்ளைகள் விருப்பப்படி, புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். பிள்ளைகளைச் சாயங்காலம்தான் வெளியே கூட்டிவர முடிந்தது.

செப்டம்பர் நடையை மறக்க முடியாது. 1921 செப்டம்பர் 22 அன்றுதான் காந்தி மதுரையில் முழு உடையை விட்டு அரையாடைக்கு மாறினார். 2024இல் அதே தேதி ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. அவர் தங்கியிருந்த மேல மாசி வீதி வீட்டிலிருந்து காமராசர் சாலை காந்தி பொட்டல் வரை நடந்தோம். புது உடையில் அவர் மக்கள் முன் நின்ற இடம் அது. வழியில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தை எட்டிப் பார்த்தோம். தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டதால் சிற்பங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. நல்லதுதான். ஆனால் தையல் மிஷின் சத்தம் கேட்காத புதுமண்டபம் எனக்கு இன்னும் பழகவில்லை.

நவம்பரில் கீழக்குயில்குடி சமணர் மலை. பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் வரிசைக்குக் கீழே ஆயிரம் ஆண்டைத் தாண்டிய வட்டெழுத்து இருக்கிறது. பக்கத்துப் பாறையில் காதலர் பெயர்கள் கீறியிருந்தன. நம் பிள்ளைகள் இரண்டு சாக்கு நிறைய பிளாஸ்டிக் பொறுக்கினார்கள். இறங்கி வந்து தாமரைக் குளத்தின் கரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம்.

தை மாதம் வண்டியூர் தெப்பக்குளம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. இதைத் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் பள்ளியில் படிக்கும்போது இதற்குள் தண்ணீர் பார்த்தது தெப்பத் திருவிழா சமயத்தில்தான். மற்ற நாளெல்லாம் கிரிக்கெட். இப்போது வாய்க்கால் வழியே வைகைத் தண்ணீர் வந்து நிற்கிறது. சாயங்காலம் ஆனால் படிக்கட்டுச் சுவர் முழுக்கக் குடும்பங்கள், நாலு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள். ஊருக்குள் காசு கொடுக்காமல் காற்று வாங்க இப்படி ஓர் இடம் கிடைத்திருக்கிறதே என்று அன்று மூன்று மணி நேரம் எழுந்திருக்கவே மனம் வரவில்லை. காலையில் நடந்தது போதாதென்று பலர் மாலையிலும் வந்திருந்தார்கள்.

பிப்ரவரியில் அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வருவதை எதிர்த்து ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்குள் நடந்து வந்த மக்களை நம்மில் பலர் தல்லாகுளத்தில் பார்த்தோம். அந்த மாதமே சுரங்க ஏலம் ரத்தானது. நாங்கள் போனபோது ஊர்க்காரர் ஒருவர் குடைவரைக் கோயிலையும் சிவனின் வடிவமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பத்தையும் காட்டிவிட்டு, குன்றின் மேல் வட்டமிட்ட வல்லூறைக் கைநீட்டிக் காட்டினார். தன் வீட்டுப் பிள்ளையைக் காட்டுவது போல இருந்தது.

மற்ற மூன்று நடைகள் பூங்காக்களுக்கும் வைகைக் கரைக்கும். விவரம் பதிவேட்டில் உள்ளது. ஒரு குறையை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பூங்காவில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நம் மூத்த பெண் உறுப்பினர்கள் மூவர் பாதியிலேயே வீடு திரும்பினார்கள். மனு கொடுத்தோம், இதுவரை பதில் இல்லை. பூங்காவில் பெண்கள் கூட்டம் ஏன் குறைவு என்று கேட்பவர்கள் அந்தப் பூட்டைப் பார்க்க வேண்டும். மீண்டும் மனு கொடுக்கவும், இனி கழிப்பறை இருக்கும் இடத்தை முதல் நாளே போய்ப் பார்த்து வந்த பிறகே நடையை அறிவிக்கவும் செயற்குழு தீர்மானித்துள்ளது.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நடைக்குக் கட்டணம் இல்லை. இட்லி, தேநீர், ஷேர் ஆட்டோ அவரவர் செலவு. அப்படியே தொடரலாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு நடை முடிவிலும் பருத்திப்பாலுக்குக் காசு வாங்க மறுத்த தள்ளுவண்டி அண்ணனுக்கு நன்றி.

அடுத்த நடை யானைமலை. 2010இல் அந்த மலையைச் செதுக்கிச் சிற்பக்கூடமாக்கும் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்ற ஊர் மக்கள் சிலரை அங்கே சந்திக்க ஏற்பாடு செய்கிறோம். நரசிங்கம் கோயில் வாசலில் காலை 5.45க்கு வந்துவிடுங்கள், ஏழு மணிக்கு மேல் பாறை சுடும். தண்ணீர் பாட்டில் அவரவர் கொண்டு வரவும்.

இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்