ஒரே இனம், ஊருக்கொரு பாட்டு

ஆசிரியருக்கு,

ஓமந்தையில் பாடும் குண்டுக்கரிச்சானும் ஒட்டுசுட்டானில் பாடுவதும் ஒரே இனம். அதற்காகப் பாட்டும் ஒன்றாகவே இருக்குமென்றில்லை.

குயிலுக்குக் கூவல் பிறவியிலேயே வருவது. காகக் கூட்டில் வளர்ந்தாலும் அது குயிலாகவே கூவும். கரிச்சான், தேன்சிட்டு போன்றவை அப்படியல்ல, கேட்டுத்தான் படிக்கின்றன. வட அமெரிக்காவின் வெண்முடிச் சிட்டில் இது நன்றாக ஆராயப்பட்டது. குஞ்சு ஏறத்தாழ 10 முதல் 50 நாள் வயதுக்குள் கேட்டதையே பிறகு பாடுகிறது. எதையும் கேட்காமல் வளர்ந்தால் பாட்டு அரைகுறையாகவே நிற்கும். படிக்கும்போது நேரும் சிறு பிசகை அயல் குருவிகளும் பிடித்துக்கொள்ள, அது அந்த இடத்து வழக்காகிவிடுகிறது.

இடமும் பாட்டை மாற்றும். அடர்காட்டில் எதிரொலியால் விரைவான சுரங்கள் குழம்பிவிடும். வாகன இரைச்சல் தாழ்ந்த சுரங்களை விழுங்கும். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இரைச்சல் மிகுந்த இடத்துப் பட்டாணிக்குருவிகள் தாழ்ந்த சுரங்களைத் தவிர்த்துப் பாடுவதை 2003இல் காட்டினார்கள்.

ஏ9 வீதியோரத்திலும் உட்காட்டிலும் நம் மாணவர்கள் இதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும், கைபேசியே போதும். விடியலில், காற்றில்லாத நாளில், ஒரு குருவியை ஐந்து நிமிடமாவது விடாமல் பதியுங்கள். ஒரே ஆண் பல பாட்டுப் பாடும். ஆகவே ஓரிடத்தில் பல குருவிகளைப் பதியாமல் முடிவுக்கு வரக்கூடாது. வாட்ஸ்அப் குரற்பதிவு வேண்டாம், ஒலியைச் சுருக்கும்போது உயர் சுரங்கள் கெட்டுவிடும். பதிந்ததைக் குருவிக்குத் திருப்பிப் போடவே வேண்டாம்: எதிரி வந்ததென்று கூட்டை விட்டுச் சண்டைக்கு வரும், குஞ்சு பட்டினி கிடக்கும்.

பறவை அவதானிகள்,
மாங்குளம்