ஆணி இருந்த இடத்தில் ஏன் அந்தக் கறுப்பு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய மரப் பலகைகளில் நாங்கள் செய்து தரும் சாமான்களைப் பார்த்து, "அலமாரி நன்றாக இருக்கிறது, ஆணி ஓட்டையைச் சுற்றி இருக்கிற கறையை மட்டும் துடைத்துத் தந்திருக்கலாமே" என்று பலர் கேட்கிறீர்கள். அது அழுக்கு இல்லை. மரத்தின் துவர்ப்பும் ஆணியின் இரும்பும் ஈரத்தில் கலந்தால் கருநீலமாகும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் கறுப்பதும் இதனால்தான். கறை நாருக்குள் இறங்கியிருப்பதால் துடைத்தால் போகாது. ஆழமாக இழைத்தால் போகும். பலகையின் பழைய முகமும் கூடவே போய்விடும். அதனால் விட்டுவைக்கிறோம்.

விட்டுவைக்காதவையும் உண்டு. பலகை வந்ததும் முதலில் காந்தத்தை ஓட்டிப் பார்ப்போம். தலை உடைந்த ஆணி உள்ளே ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒன்று போன மாதம் இழைப்பு மெஷினின் பிளேடில் பல் விழவைத்துவிட்டது. அடுத்து இழைத்த பலகைகளில் எல்லாம் நூல் ஒட்டியதுபோல் ஒரு மெல்லிய வரம்பு. ஆர்டர் தாமதமாவது பெரும்பாலும் இப்படி ஆணி தேடி எடுக்கும் வேலையால்தான்.

வண்டு அரித்த துளை இருந்தால் அந்தப் பலகையைக் கறுப்புத் தாளின் மேல் சில நாள் நிறுத்தி வைப்போம். தாளில் மாவு போலப் புதுத் தூள் விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்தப் பலகை பட்டறைக்கு உள்ளே வராது.

சரக்கை அடுக்கி அனுப்பும் மரத்தட்டான பேலட்டின் மரத்தில் கோதுமைக் கதிர் முத்திரையைத் தேடுவோம். பக்கத்தில் 'எச்டி' (HT) என்றிருந்தால் பூச்சி சாகச் சூடாக்கிய மரம்: நடுப்பகுதி வரை 56 டிகிரி, 30 நிமிடம். 'எம்பி' (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சி கொல்லும் நச்சு வாயுவால் புகையூட்டியது, அதை வாங்குவதில்லை. ஆனால் முத்திரை பூச்சியைப் பற்றி மட்டுமே பேசும். அந்தப் பேலட் மேல் என்ன கொட்டியது என்று சொல்லாது. அதனால் பேலட் மரத்தில் போட்டோ சட்டம், சுவர்த்தட்டு, விளக்கு அடி வரைதான். காய் நறுக்கும் பலகையோ தொட்டிலோ கேட்டால் மன்னிக்கவும்.

பழைய பெயின்ட் அடித்த மரத்தைக் கொண்டுவருபவர்கள் வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு வர வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. அப்படியே கொண்டுவாருங்கள்.

அப்புறம், எங்கள் தப்பு ஒன்று. முன்பு செய்து கொடுத்த ஒரு சிறு மேசையின் மேற்பலகை நடுவில் பிளந்துவிட்டது. மரம் நீளவாக்கில் அதிகம் அசையாது. அகலவாக்கில் ஈரக் காலத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அடியில் குறுக்குச் சட்டத்தைத் திருகாணியால் இறுக்கிவிட்டதால் சுருங்க இடமில்லாமல் விரிசல் விட்டது. 'பழைய மரம்தானே, ஆடி அடங்கியிருக்கும்' என்று நினைத்துவிட்டோம். எத்தனை வயதானாலும் மரம் ஈரத்துக்கு அசையும் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

இப்போது சட்டத்தில் துளையை நீளமாக வெட்டுகிறோம், திருகாணி நகர இடம் கிடைக்கிறது. எங்களிடம் வாங்கிய மேசையை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். சட்டத்துத் துளை நீளமாக இருந்தால் கவலை இல்லை. வட்டமாக இருந்தால், விரிசல் விட்டிருந்தாலும் விடாவிட்டாலும், கொண்டுவாருங்கள். காசு வாங்காமல் மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து