லாக் புக்கில் யாருடைய கையெழுத்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூர் ஜெயநகர் நான்காவது டி பிளாக்கில் இருக்கும் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தை ராமநகருக்குக் கொண்டுபோகும் பேச்சு பல வருடமாக நடக்கிறது. கட்டடம் எங்கே இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். அங்கிருந்து பட்டம் வாங்குகிற நர்சிங் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் இந்த ஊரின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் முப்பத்தொரு வருடம் இருந்து, பெண்கள் மெடிக்கல் வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவள். படித்தது டிப்ளமோதான். 1996 ஜூனில் இந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அதற்கு முன் பெங்களூர் மருத்துவக் கல்லூரிக்குப் பெங்களூர்ப் பல்கலைக்கழகம், மைசூருக்கு மைசூர்ப் பல்கலைக்கழகம், ஹூப்ளிக்குத் தார்வாட் என்று ஆளுக்கொரு பக்கம் இருந்தது. டாக்டர், பல் டாக்டர், நர்ஸ், பார்மசி, பிசியோதெரபி, ஆயுர்வேதம் என எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தது நல்ல காரியம். இன்றைக்கு விடைத்தாளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் திருத்துகிறார்கள். பரீட்சை விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன்.

வார்டுக்கு வாருங்கள். எங்களுடையது முப்பது படுக்கை. ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்பது நர்சிங் கவுன்சில் கணக்கு. அப்படியானால் பத்துப் பேர் வரலாம். தனியார் கல்லூரி ஒன்றின் பஸ் காலையில் வந்து நின்றால் அறுபது பேர் இறங்குவார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், கையில் பி.பி. கருவியோடு. நோயாளி கையை இழுத்துக்கொள்வாள். பதினொரு மணிக்குப் பாதிப் பேரைக் கேன்டீனில்தான் பார்க்கலாம். அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. நிற்க இடமில்லாதபோது அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

மாலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பாட்டி ஒருத்தி, சர்க்கரை நோய்க்காரி. "காலெல்லா உரி" என்று ராத்திரி முழுக்கப் புலம்பியிருக்கிறாள். 'உரி' என்றால் நம்மாட்களுக்கே தோல் உரிகிறது என்றுதான் தோன்றும்; கன்னடத்தில் அது எரிச்சல். வடகிழக்கிலிருந்து வந்த மாணவி, பாவம், பாட்டி சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, தன் நோட்டில் 'நோ கம்ப்ளைண்ட்ஸ்' என்று எழுதியிருந்தாள். சர்க்கரைக்காரிக்குக் கால் எரிகிறது என்றால் நரம்பு கெடுகிறது என்று அர்த்தம். பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். குதிகாலில் புண், அவளுக்கே தெரியாமல்.

வார்டுப் பயிற்சி, அதாவது போஸ்டிங், முடிகிற நாளில் கல்லூரி டியூட்டர், மாணவிகள் வார்டில் என்னென்ன செய்தார்கள் என்று குறிக்கிற லாக் புக்குகளை அடுக்கிக்கொண்டு வருவார். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டது ஐந்து, படுக்கைப்புண் டிரெஸ்ஸிங் பத்து என்று எல்லாம் நிரப்பியிருக்கும். அந்த மாதம் என் வார்டில் படுக்கைப்புண்ணே இரண்டு பேருக்குத்தான். "ஒரு கையெழுத்து சிஸ்டர்." நான் போடவில்லை. "பரவாயில்லை, நாங்களே போட்டுக்கொள்கிறோம்" என்றார்.

இது ஏதோ கல்லூரிக்குள் நடக்கிற சங்கதி என்று நினைக்காதீர்கள். டாக்டர்களை ஒரு வருடம் அரசு வேலைக்கு அனுப்ப இங்கே சட்டமே வந்தது. ஆனால் சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒன்று என்று இருக்கிறதே துணை சுகாதார நிலையம், அங்கே டாக்டர் கிடையாது. 2018-க்குப் பிறகு அங்கே சமுதாய சுகாதார அலுவலராக உட்காருவது பெரும்பாலும் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள்தான். கிராமத்தில் பி.பி., சர்க்கரையை முதலில் பார்ப்பதும், யாரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று சொல்வதும் அவர்களே. அந்த மாலூர்ப் பாட்டியின் காலை ஊரிலேயே ஒருத்தி பார்த்திருந்தால் அவள் பெங்களூர் வரை வந்திருக்க மாட்டாள்.

என் விண்ணப்பம் பெரியதில்லை. லாக் புக்கில் அந்த வார்டு சிஸ்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லாமல் பிராக்டிகல் பரீட்சைக்கு உட்கார விடக்கூடாது. எந்தக் கல்லூரி எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கைக்கு எத்தனை பேரை அனுப்புகிறது என்பதைப் பல்கலைக்கழகம் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடட்டும். பிராக்டிகலில் ஐந்து நிமிடம், நோயாளியிடம் அவருடைய மொழியிலேயே பேசவிட்டு மார்க் போடட்டும். கேரளத்துப் பிள்ளையும் மணிப்பூர்ப் பிள்ளையும் மூன்று மாதத்தில் கன்னடம் பிடித்துக்கொள்வார்கள், நான் பார்த்திருக்கிறேன். அல்சூரில் பிறந்த நாங்கள் நோயாளியிடம் கன்னடமும் தெலுங்கும் தக்கினி உருதுவும் வார்டில்தான் கற்றோம்.

என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் தெருவிலேயே நர்சிங் கல்லூரி நடத்துகிறவர் ஒருவர் இருக்கிறார், தினமும் வணக்கம் சொல்கிற மனிதர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்,
அல்சூர், பெங்களூரு.