பழைய சொகுசு காரும் தொண்டு நிறுவனமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் பலர், வயதாகிவிட்ட மெர்சிடிஸ் எஸ் கிளாஸையோ பிஎம்டபிள்யூ 7 சீரிஸையோ விற்க அலுத்துக்கொண்டு, டிசம்பர் முடிவதற்குள் ஏதேனும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டால் புண்ணியமும் சேரும், வரியும் குறையும் என்று எண்ணுகின்றனர். கொடுக்கும் மனத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், ஓடும் நிலையில் உள்ள சொகுசு செடானைத் தாமே விற்று, வந்த பணத்தைக் கொடுப்பதுதான் பெரும்பாலானோருக்கும், அவர்கள் உதவ நினைக்கும் நிறுவனத்துக்கும் நல்லது என்பது என் கருத்து.

பழைய கார்களின் விலைக் கையேட்டில் உள்ள சந்தை மதிப்பை அப்படியே வரிக் கழிவாக, அதாவது வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகையாக, காட்டிக்கொள்ளும் வழக்கம் முன்பு இருந்தது. 2000-ஆம் வரியாண்டில் சுமார் 7,33,000 பேர் இவ்வாறு கொடுத்த வாகனங்களுக்குக் கழிவு கோரித் தங்கள் வரியில் 65.4 கோடி டாலரைக் குறைத்துக்கொண்டதாக, அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பு 2003-இல் மதிப்பிட்டது. அது தனியே தடம்பிடித்துப் பார்த்த 54 வாகனங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு, கொடுத்தவர் காட்டிய மதிப்பில் 5 விழுக்காடோ அதற்கும் குறைவோதான் தொண்டு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. இதன்பின் 2004-இல் இயற்றப்பட்ட சட்டம் 2005 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, 500 டாலருக்கு மேல் மதிப்புக் காட்டப்படும் காரை நிறுவனம் விற்றுவிட்டால், பொதுவாக அந்த விற்பனைத் தொகைக்கு மேல் கழிவு கோர முடியாது. விற்ற 30 நாள்களுக்குள் நிறுவனம் தரவேண்டிய 1098-சி படிவத்தில் அத்தொகை குறிக்கப்பட்டிருக்கும். அப்படிவத்தை வரிக் கணக்குடன் இணைத்தாகவேண்டும். இவ்வளவு காலம் கடந்தும் கையேட்டு விலையை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவோர் குறையவில்லை என்பதே வியப்பு.

சொகுசு செடான் விஷயத்தில் இந்த விதி இன்னும் கடுமையாக உறைக்கிறது. புதிதாக வாங்கும்போது பெருந்தொகை கொடுத்த கார், வயதானபின் அதே அளவிலான சாதாரணக் காரின் விலைக்கே இறங்கிவிடுகிறது. பராமரிப்புச் செலவு மட்டும் அதனோடு சேர்ந்து இறங்குவதில்லை. காற்று சஸ்பென்ஷன் கசிந்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது, எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிவது, உயர்ரகப் பெட்ரோல் கேட்பது, டயருக்கும் பிரேக்குக்கும் தனி விலை என்று எல்லாவற்றையும் அறிந்த வியாபாரிகள்தான் ஏலத்தில் கை உயர்த்துகிறார்கள். ஆகவே அவர்கள் பழுதுக்கான செலவை முன்கூட்டியே கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார்கள். முறையான சர்வீஸ் ஆவணங்களைக் கையில் வைத்திருக்கும் உரிமையாளர், அந்த ரகக் காரை விரும்பித் தேடுபவருக்கு நேரடியாக விற்றால் கிடைக்கும் விலை வேறு; அந்த ஆவணங்கள் எதையும் பாராமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் விற்கப்படும் வரிசையில் ஏலம்போகும் விலை வேறு. போதாக்குறைக்கு, காரை இழுத்துச் சென்று ஏலம் விடும் இடைநிலை நிறுவனம் தன் செலவையும் பங்கையும் எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சுவதுதான் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது. கொடுப்பதற்கு முன் அந்தப் பங்கு எவ்வளவு என்று கேட்பதில் அநாகரிகம் ஒன்றுமில்லை.

காரை விற்காமல் நிறுவனமே தன் பணிக்குக் கணிசமாகப் பயன்படுத்தினாலோ, பெரிய அளவில் செப்பனிட்டாலோ, வறிய ஒருவருக்கு இலவசமாகவோ சந்தை விலையைவிட மிகக் குறைவாகவோ கொடுத்தாலோ, சந்தை மதிப்பையே கழிவாகக் கோர விதியில் இடமுண்டு. துடைத்து மெருகேற்றுவதும் வழக்கமான பராமரிப்பும் செப்பனிடுதல் ஆகா. 5,000 டாலருக்கு மேல் அவ்வாறு கோரினால் தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். ஆனால் முதியோருக்கு உணவு கொண்டுசெல்லும் நிறுவனம் எட்டு சிலிண்டர் செடானை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? வேலைக்குப் போய்வர ஒரு வாகனத்துக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அதைக் கொடுப்பது, யானையைத் தானம் கொடுத்துவிட்டுத் தீவனத்தை அவர்கள் தலையில் கட்டுவதற்கு ஒப்பாகும். பழைய கொரோலா ஒன்று அங்கே நூறு மடங்கு மேல்.

வரிக் கணக்கும் பணக்கொடைக்கே சாதகமாக இருக்கிறது. செலவுகளைத் தனித்தனியே பட்டியலிட்டுக் கழிப்பவர்களுக்கு மட்டுமே கார்க் கொடையால் வரி குறையும். 2025-ஆம் ஆண்டுக்கான நிலைக் கழிவு (பட்டியல் இல்லாமலே எல்லோரும் கழித்துக்கொள்ளக்கூடிய நிர்ணயித்த தொகை) தனிநபருக்கு 15,750 டாலர், கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியருக்கு 31,500 டாலர் என்ற நிலையில், பட்டியலிடாமல் அதையே எடுத்துக்கொள்வோர்தான் மிகப் பெரும்பான்மையினர். அவர்கள் எவ்வளவு உயர்ந்த காரைக் கொடுத்தாலும் வரியில் ஒரு காசு குறையாது. 2026 முதல், பட்டியலிடாதவர்களும் தகுதியுள்ள நிறுவனங்களுக்குப் பணமாகக் கொடுத்ததில் தனிநபர் 1,000 டாலர் வரையும் தம்பதியர் 2,000 டாலர் வரையும் கழித்துக்கொள்ளலாம். கார் அந்தச் சலுகைக்குள் வராது. காரை விற்ற பணம் வரும். வாங்கிய விலைக்குக் கீழே விற்ற சொந்தக் காருக்கு லாபம் இல்லையாதலால், அந்த விற்பனைக்கு வருமான வரியும் இல்லை.

கியர்பாக்ஸ் போய், பழுதுபார்க்கும் செலவு விலையைத் தாண்டிவிட்ட கார், அல்லது மறைந்த பெற்றோரின் கார் தொலைவிலுள்ள மாநிலத்தில் நின்றுகொண்டிருக்கும் நிலை போன்றவற்றில், இலவசமாக வந்து இழுத்துச் செல்வார்கள் என்பதே பெரிய உதவி. அப்போது தாராளமாகக் கொடுக்கலாம். நிறுவனம் வரிவிலக்குத் தகுதி பெற்றதா என்பதை அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் பெயரிட்டுத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வகைக் கார்களின் நினைவகத்தில் கைப்பேசித் தொடர்புகளும் வீட்டு முகவரியும், கண்ணாடியருகே வீட்டு கராஜ் கதவைத் திறக்கும் பொத்தானும் இருக்கும். அவற்றை அழித்துவிட்டே சாவியைக் கொடுக்கவேண்டும். காரின் உரிமையைக் காட்டும் டைட்டில் பத்திரத்தில் பெறுபவர் பெயரை வெறுமையாக விட்டுக் கையெழுத்திடக் கூடாது. உரிமை மாறியதை மாநில மோட்டார் வாகனத் துறைக்கு உடனே தெரிவிக்காவிட்டால், அடுத்தவர் ஓட்டும் காருக்கான பார்க்கிங் அபராதமும் சுங்கக் கட்டணமும் கொடுத்தவர் வீட்டுக்கே வந்துசேரும்.

இங்ஙனம்,
அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகர்