கேம்பர் வேனின் முதல் ஓட்டம் சுற்றுலா அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர் வேன்களைப் பற்றிப் பயணப் பக்கங்களில் இப்போது நிறைய வருகிறது. எங்கே போகலாம், எப்படித் தங்கலாம் என்று ஆர்வத்தோடு எழுதுகிறார்கள். ஆனால் விற்றவர் சாவியைக் கொடுத்த நிமிடத்திலிருந்து வண்டி வீட்டு வாசலில் வந்து நிற்கும் வரை ஓட்டியாக வேண்டிய அந்தத் தூரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய வேனில் ஒளிந்திருக்கும் குறைகள் வெளியே வருவது அப்போதுதான். வாங்கிய மகிழ்ச்சியில் குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு அதையே முதல் சுற்றுலாவாக்கிவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேம்பர் வேன் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். பத்து வயது வண்டியின் மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருந்தால் வாங்குபவர் மகிழ்ந்துபோகிறார். நின்றே கிடந்த வண்டியில் ரப்பர் இறுகும், பிரேக் துருப்பிடிக்கும், பேட்டரி உயிர் விடும். மாதக்கணக்கில் அசையாத வண்டியை ஒரே நாளில் சில நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலை வேகத்தில் விரட்டினால், அதற்கு அதைவிடக் கடுமையான சோதனை வேறு கிடையாது.

முதலில் டயர். சாலையில் படும் பரப்பிலுள்ள பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். குறைவாக ஓடிய வண்டியில் பட்டன் தேயாது, ரப்பருக்கு மட்டும் வயதாகிவிடும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கங்களே இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், அதில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. இந்த எண் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே முழுதாக இருக்கும். வெளிப்பக்கம் தெரியவில்லையென்றால் டார்ச்சோடு கீழே படுத்து உள்பக்கத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பத்து ஆண்டு ஆகியிருந்தால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், விற்ற இடத்திலேயே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஆறு, ஏழு ஆண்டு ஆகியிருந்து பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் அதே முடிவுதான். ஸ்டெப்னியையும் இதே கண்ணோடு பாருங்கள். பெரும்பாலும் அதுதான் வண்டியிலேயே வயதான டயர்.

அடுத்தது அந்த டயர் தாங்கும் எடை. அளவு எண்களுக்குப் பக்கத்தில் 109, 112 என்று ஓர் எண் இருக்கும். 109 என்றால் ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ. ஓர் அச்சுக்கு இரண்டு டயர் என்று கணக்கிட்டால், அந்த அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட எடைக்குக் குறையாமல் வர வேண்டும். கார் டயரைப் போட்டு ஒப்பேற்றிய வேன்கள் சந்தைக்கு வரத்தான் செய்கின்றன.

காற்றழுத்தத்தை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். காருக்கு அடிக்கிற 32, 35 பி.எஸ்.ஐ. இங்கே உதவாது. கேம்பருக்கென்றே வரும், சி.பி. (CP) என்று முத்திரையிட்ட டயர்களுக்குப் பின் அச்சில் 80 பி.எஸ்.ஐ. வரை தேவைப்படும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள். ஆனால் சரக்கு வேனை யாரோ பிறகு கேம்பராக மாற்றியிருந்தால், அந்த அட்டை உள்ளே கட்டிய மரவேலையின் எடையை அறியாது. அப்போது அச்சு எடையை அளந்து, டயர் நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்து அழுத்தத்தை முடிவு செய்வதே சரி. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து சூடாகிறது. வெடிப்பது அந்தச் சூட்டினால்தான். இன்னொன்று: சாதாரண ரப்பர் வால்வு சுமார் 65 பி.எஸ்.ஐ. வரைதான் தாங்கும். அதற்கு மேல் காற்றடிக்க வேண்டிய சக்கரத்தில் உலோக வால்வோ உயர் அழுத்த வால்வோ இருக்க வேண்டும். டயரை மாற்றும் கடையில் இதைக் கேட்டு வாங்காவிட்டால் பழைய ரப்பர் வால்வையே போட்டு அனுப்பிவிடுவார்கள்.

எடையைப் பற்றி விற்பவர் சொல்வதை நம்பாமல், வழியில் எடைமேடை இருந்தால் ஏற்றிப் பாருங்கள். மொத்த எடையோடு முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். மொத்தம் வரம்புக்குள் இருந்து பின் அச்சு மட்டும் மீறியிருப்பது இவ்வகை வண்டிகளில் சகஜம். படுக்கை, தொட்டி, சைக்கிள் மாட்டும் சட்டம் எல்லாம் பின்னால்தானே இருக்கின்றன! ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் பெரிய ஆள் ஒருவரைவிட அதிகமான எடையை வீணாகச் சுமக்கிறீர்கள். இந்த ஓட்டத்துக்குத் தொட்டியைக் காலி செய்யுங்கள். கழிவுநீர்த் தொட்டியும் காலியாகவே இருக்கட்டும். எப்படியும் பழைய தொட்டித் தண்ணீர் குடிக்க உதவாது, குளோரின் கலந்து கழுவிய பிறகே அதைப் பயன்படுத்தலாம்.

பிரேக் விஷயத்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு. நின்ற வண்டியில், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பாகமான காலிப்பர் இறுகிப்போயிருக்கலாம். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே சக்கரம் சுழலும். இரண்டாவது, பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதித்திருக்கும் குறைந்தபட்சம் 155 தான். கனமான வண்டி நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்துக் குமிழி விடும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மலைப்பாதையை விட்டுச் சுற்றுவழியில் வாருங்கள். இறக்கம் வந்தே தீரும் என்றால், இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தை அடக்குங்கள்.

கேஸ் சிலிண்டரை, அடுப்பில் அல்ல, சிலிண்டரின் தலையிலேயே மூடிவிட்டுக் கிளம்புங்கள். நேராக நிற்க வைத்துப் பட்டையால் கட்டியிருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதற்காகத்தான் சிலிண்டர் பெட்டியின் அடியில் திறப்பு வைத்திருப்பார்கள். உள்ளே குளிர்காற்று வருகிறதென்று முந்தைய உரிமையாளர் அதைத் துணியாலோ பலகையாலோ அடைத்திருக்கிறாரா என்று பாருங்கள். ரப்பர் குழாயில் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். வெடித்திருந்தாலோ காலாவதியாகியிருந்தாலோ கேஸைத் தொடவே வேண்டாம். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜை ஓட்டத்தின்போது 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். எரியும் சுடரோடு பெட்ரோல் பங்க்குக்குள் நுழைவது பேராபத்து.

மின்சாரக் குறைகளை, வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டரே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுப் பகுதிக்கான பேட்டரி ஈய-அமில வகை என்றால், சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் சார்ஜ் போகவில்லை என்று பொருள். அதனால் பயணம் நிற்காது, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் ஒரு தடித்த கம்பி கிளம்பினால் அதைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். எங்கேயாவது உரசி வண்டியின் உலோக உடலோடு ஒட்டினால் தீப்பிடிக்கும்.

வண்டியை எடுக்கும் முன் ஒரு முறை சுற்றி வாருங்கள்: கூரை ஜன்னல், பக்கவாட்டுப் பந்தல், படிக்கட்டு, வெளி மின்கம்பி, சக்கரத்துக்கு வைத்த கட்டை. உள்ளே அலமாரிக் கதவுகள் பூட்டியிருக்கட்டும். பெல்ட் உள்ள இருக்கைகளில் மட்டுமே ஆட்கள் உட்கார வேண்டும். ஓடும் வண்டியில் குழந்தையைப் படுக்கையில் படுக்க வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. கூரையில் உள்ள சோலார் தகடு, ஏ.சி. வரை சேர்த்து உயரத்தை டேப்பால் அளந்து, கண்ணில் படும்படி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். கார் ஓட்டிப் பழகியவருக்குத் தலைக்கு மேலே பார்க்கும் வழக்கமே இருக்காது. பின் சக்கரத்துக்குப் பின்னால் நீளும் உடல், திருப்பத்தில் எதிர்ப்பக்கம் வீசும் என்பதும் அவர்களுக்குப் புதிது.

முதல் 20 கிலோமீட்டரை நெடுஞ்சாலையில் ஏறாமல் சாதாரணச் சாலையிலேயே ஓட்டுங்கள். ஓட்டத் தொடங்கியதும் தடதடவென்று அதிர்வு வரலாம். ஒரே இடத்தில் நின்றதால் டயர் தட்டையானதன் விளைவு அது. சூடேறியதும் மறைய வேண்டும். மறையாவிட்டால் டயரின் உட்பட்டை பிரிந்திருக்கலாம், அதோடு வேகம் கூட்டக் கூடாது. பிறகு ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் அங்கே பிரேக் இறுகியிருக்கிறது. எஞ்சினுக்கு அடியில் சொட்டு விழுகிறதா, கருகிய வாடை வருகிறதா, கூலண்ட் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி டார்க் ஸ்பேனரால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) முறுக்குங்கள். அதன் பிறகு நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகம் போதும். லாரி கடந்து போகும்போது வேன் முதலில் தள்ளப்படும், பிறகு உறிஞ்சப்படும். ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் பிடித்து, திடுக்கென்று திருப்பாமல் இருந்தால் போதும்.

ஆவணத்தில் இரண்டு விஷயம்தான்: 17 எழுத்து-எண் கொண்ட சேசிஸ் எண் வண்டியிலும் தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். காப்பீடு உங்கள் பெயரில், கேம்பர் என்றே குறிப்பிட்டு, சாவி வாங்கும் நேரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வழியில் கேட்ட சத்தம், கண்ட கசிவு, எரிந்த எச்சரிக்கை விளக்கு எல்லாவற்றையும் மீட்டர் எண்ணோடு ஒரு தாளில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். எஞ்சினின் வால்வுகளை இயக்கச் செயின் இல்லாமல் டைமிங் பெல்ட் இருந்து, அதை மாற்றியதற்கு ரசீதும் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதல் வேலையாக அதை மாற்றச் சொல்லுங்கள். கிலோமீட்டர் குறைவு என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், பெல்ட்டுக்கு ஆண்டுக் கணக்கும் உண்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்