இன்ஸ்டலேஷன் இலவசம் என்றால் எதுவரை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பண்டிகை நெருங்கினாலே டிவி, ஹோம் தியேட்டர் விளம்பரங்கள் நாளிதழில் பக்கம் பக்கமாக வருகின்றன. கீழே 'இன்ஸ்டலேஷன் இலவசம்' என்று ஒரு வரி இருக்கும், ஆனால் அந்த இலவசத்தில் எது சேரும், எது சேராது என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. மாட்டுவதற்கு ஆளைக் கூப்பிடலாமா, நாமே மாட்டிக்கொள்ளலாமா என்று பலரும் கேட்கிறார்கள். சுவருக்குள் போகிற வேலையையும் கரண்ட் வேலையையும் தெரிந்த ஆளிடம் காசு கொடுத்து ஒப்படையுங்கள், ஸ்பீக்கரை எங்கே வைப்பது, ஒலியை எப்படிச் சரிசெய்வது என்பதை நீங்களே பாருங்கள் என்பதுதான் என் கருத்து. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

5.1 செட் வாங்கி ஐந்து ஸ்பீக்கரையும் டிவி ஷோகேஸில் வரிசையாக அடுக்கியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேட்டால் 'கடையிலிருந்து வந்தவர் அப்படித்தான் வச்சுட்டுப் போனார்' என்பார்கள். அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது, அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும், பெட்டியோடு வந்த வயர் பின்பக்கம் வரை எட்டாது, சுவரில் பைப்பும் இருக்காது. ஆனால் அப்படி அடுக்கினால் கொடுத்த பணத்தில் பாதி வீண். முன்னால் மூன்று, நம் இரு பக்கமும் சற்றே பின்தள்ளி இரண்டு, பேஸ் எனும் தாழ்ந்த, அதிரும் ஒலிக்கான சப்வூஃபர் தனியாக ஒன்று என்பதுதான் 5.1. நாம் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் முன்னால் உள்ள இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுவிலிருந்து 30 டிகிரி அளவிலும், சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 110 டிகிரி வாக்கிலும், அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னாலும், இருக்க வேண்டும். முன் ஸ்பீக்கர்கள் உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு வந்தால் நல்லது. இதற்கு ஒரு அளவு டேப்பும் ஒரு சாயங்காலமும் போதும், எந்த நிபுணரும் தேவையில்லை.

சப்வூஃபருக்கு ஒரு பழைய வழி உண்டு. அதைத் தூக்கி நீங்கள் உட்காருகிற இடத்திலேயே வைத்து, பேஸ் நிறைய உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அறையின் ஓரமாகக் குனிந்து தவழ்ந்து கேட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பேஸ் அதிராமல், குறையாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைக்கலாம். கூலிக்கு வருகிற யாரும் உங்கள் ஹாலில் இவ்வளவு நேரம் தவழ மாட்டார்கள். ரிசீவரோடு, அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியோடு, ஒலியைத் தானே அளந்து சரிசெய்வதற்கான மைக் வந்திருந்தால் அதைச் சோபாவில் போட்டுவிடாமல் காது உயரத்தில் ஸ்டாண்டு வைத்து நிறுத்தி, ஃபேன், ஏ.சி. இரண்டையும் அணைத்துவிட்டு அளவெடுக்கச் செய்யுங்கள். நம் ஹால்களில் தரை டைல்ஸ், சுவர் பூச்சு, மேலே கான்கிரீட் என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை, வசனம் புரியவில்லை என்று சென்டர் ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் கனமான திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும் போட்டுப் பாருங்கள்.

செட்டிங்ஸ் விஷயமும் இப்படித்தான். டிவியில் ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளை வழக்கமாக ஒன்றுதான் இருக்கும், ஒலி அதன் வழியாகத்தான் ஆம்ப்ளிஃபையருக்குத் திரும்பி வரும். அடுத்த துளையில் செருகிவிட்டு செட் ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிப் போனவர்கள் உண்டு. சரியான துளையில் செருகினாலும் டிவியின் ஆடியோ அவுட்புட் பி.சி.எம். என்று இருந்தால் ஏ.ஆர்.சி.யில் வெறும் ஸ்டீரியோதான் வரும், அதை பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்-த்ரூ என்று மாற்ற வேண்டும். செட்டாப் பாக்ஸிலும் இதே மாதிரி ஒரு தேர்வு இருக்கும்.

சரி, எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும்? வீடு கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். ஹோம் தியேட்டர் ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம் செட் வாங்கிய பிறகு அல்ல, பூச்சு வேலை தொடங்கும் முன்பு. பெயின்ட் அடித்து முடித்த சுவரை வெட்டச் சொன்னால் செலவும் தூசியும் இரட்டிப்பு. எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் போடுகிற 20, 25 மி.மீ. பைப்பில் எச்.டி.எம்.ஐ. வயரின் தலை போகாது, போனாலும் வளைவில் மாட்டிக்கொள்ளும். டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையர் வைக்கும் இடத்துக்கு இரண்டு அங்குல பைப், வளைவுகள் தாராளமாக, உள்ளே ஒரு இழுவைக் கயிறு என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பீக்கர் வயரை 230 வோல்ட் லைன் ஓடும் பைப்பிலேயே திணிக்க விடாதீர்கள். சாதாரண ஹாலுக்கு 1.5 சதுர மி.மீ. வயர் போதும், தூரம் அதிகமென்றால் 2.5. வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். புரொஜெக்டருக்கு 10 மீட்டர் எச்.டி.எம்.ஐ. தேவை என்றால் ஃபைபர் வகைதான் நம்பகம், ஆனால் அதற்கு முனை மாறக் கூடாது, புரொஜெக்டர் (டிஸ்ப்ளே) பக்கம் எது, ஆம்ப்ளிஃபையர் (சோர்ஸ்) பக்கம் எது என்று வயரிலேயே போட்டிருக்கும். சுவருக்குள் விடுவதற்கு முன் ஒருமுறை வெளியிலேயே மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பைப் போட்டதும் பூச்சுக்கு முன் எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. பிளாக் (எடை குறைந்த கான்கிரீட் கல்) சுவரில் பெரிய டிவி மாட்டுவதும், ஃபால்ஸ் சீலிங்கில் அட்மாஸ் ஸ்பீக்கர் (மேலிருந்து ஒலி தருவது) தொங்கவிடுவதும் வீட்டில் இருப்பவர் டிரில் வாங்கிச் செய்து பார்க்கிற வேலை அல்ல. எடையை ஜிப்சம் போர்டு தாங்காது, மேலே கான்கிரீட்டிலிருந்துதான் பிடிக்க வேண்டும். கீழே குழந்தைகள் உட்காரும் இடம் அது.

கரண்ட் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடு என்று யோசனை சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், உயிர் போகும். முதலில் கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள், இரைச்சல் நின்றால் காரணம் அந்த வழிதான், அதற்கு ஐசொலேட்டர் கிடைக்கிறது. நிற்கவில்லை என்றால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து வீட்டின் எர்த்தைச் சோதிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, டிஷ் ஒயரையும் கழற்ற வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரைத் தொடாமல் ஓரமாக வயரை ஓட்டிக்கொள்ளலாம், இல்லை நல்ல சவுண்ட்பார் போதும். அடுக்குமாடியில் இருந்தால் இன்னொன்றும் உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, சப்வூஃபரின் அதிர்வு தளத்தின் வழியாகக் கீழ் வீட்டுக்கு நேராக இறங்கும். மாட்டிவிட்டுப் போகிறவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இந்த விளம்பரங்களை வாங்கிப் போடும்போது உங்கள் விளம்பரப் பிரிவே கடைக்காரர்களிடம் கேட்கலாம்: இலவசத்தில் எத்தனை மீட்டர் வயர் உண்டு, சுவரில் துளை போடுவது சேருமா, சரவுண்ட் ஸ்பீக்கரைப் பின்னால் மாட்டித் தருவார்களா, போவதற்கு முன் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டெஸ்ட் டோன் ஓட்டிக் காட்டுவார்களா? பதிலை விளம்பரத்திலேயே சின்ன எழுத்தில் போட்டால்கூடப் போதும். வாங்குகிறவர்களும் அதைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளலாம், எழுதித் தந்ததைச் செய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்க அந்த ஒரு வரி கையில் இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி